மருந்துப் பையை முழுதாகப் பார்ப்பவர் யார்?

மாணவர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரின் மருந்துப் பையைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். அரசாங்க கிளினிக்கில் கொடுத்த இரத்த அழுத்த மாத்திரை இருக்கும். மூட்டு வலிக்குத் தனியார் கிளினிக்கில் வாங்கிய மாத்திரை இருக்கும். சளிக்குக் கடையில் வாங்கியது ஒன்றும், யாரோ சொல்லி வாங்கிய நாட்டு மருந்து ஒன்றும் இருக்கலாம். இந்த நான்கையும் ஒன்றாக வைத்துப் பார்த்தவர் யார்? பல வீடுகளில் எவருமில்லை. மாத்திரை சாப்பிட்டும் இரத்த அழுத்தம் குறையாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வலிக்காத நோய்

இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது இரத்தக்குழாய்ச் சுவரில் ஏற்படும் அழுத்தமே மேல் எண். இதயம் தளரும்போது உள்ள அழுத்தம் கீழ் எண். கிளினிக்கில் எடுக்கும் அளவு தொடர்ந்து 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர் இரத்த அழுத்தம். வீட்டில் எடுக்கும் அளவுக்கு எல்லை 135/85. இதன் அலகு மில்லிமீட்டர் பாதரசம்.

இங்கே ஒரு சிறு கணக்கு. குழாயின் ஆரம் குறைந்தால் இரத்த ஓட்டத்திற்கான தடை நான்காம் அடுக்கில் கூடும். ஆரம் 10 விழுக்காடு சுருங்கினால் 1-ஐ 0.9இன் நான்காம் அடுக்கால் வகுத்துப் பாருங்கள். விடை ஏறக்குறைய 1.52. அதாவது, சிறு சுருக்கம் தடையை ஒன்றரை மடங்காக்குகிறது. அம்லோடிபின் என்னும் மாத்திரை குழாய்ச் சுவரின் தசையைத் தளர்த்துகிறது. பெரிண்டோபிரில், குழாயைச் சுருக்கும் ஒரு ஹார்மோன் உருவாவதைக் குறைக்கிறது. சிறுநீர் பெருக்கி மாத்திரையோ உப்பையும் நீரையும் சிறுநீரகம் வழியே வெளியேற்றுகிறது.

மலேசியாவில் 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 10 பேரில் 3 பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது தெரியவே தெரியாது. வலி இல்லாததால், தெரிந்தவர்களும் "இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு எல்லாம் சொல்லாமல் வருவது இப்படித்தான்.

டிரெசர் காலமும் இன்றைய காலமும்

பேராக் ரப்பர் தோட்டங்களில் அன்று டிரெசர் இருந்தார். நோயைக் கேட்டவரும் அவர்தான், மருந்தைக் கொடுத்தவரும் அவர்தான். வசதி குறைவுதான், ஆனாலும் யார் என்ன மருந்து சாப்பிடுகிறார் என்பது ஒருவருக்குத் தெரிந்திருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் ஈப்போ, சுங்கை சிப்புட் போன்ற பட்டணங்களுக்குக் குடியேறியபின், மருந்து பல இடங்களிலிருந்து வரத் தொடங்கியது. நம் நாட்டில் தனியார் கிளினிக் மருத்துவரே மருந்தையும் கொடுக்கலாம். 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டம் அதற்கு இடம் தருகிறது. ஆகவே தனியாரிடம் செல்லும் நோயாளி மருந்தாளுநர் ஒருவரைச் சந்திக்காமலேயே காலத்தைக் கழித்துவிட முடியும்.

மருந்தாளுநர் என்ன கண்டுபிடிப்பார்?

மருத்துவர் நோயைக் கண்டறிந்து, எந்த மருந்து, எவ்வளவு என்று முடிவு செய்கிறார். மருந்தாளுநர், அந்த மருந்து உண்மையில் எப்படிச் சாப்பிடப்படுகிறது என்று பார்க்கிறார். ஐபுபுரோஃபென், டைக்லோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் அழுத்தத்தை உயர்த்தும். மூக்கடைப்புக்கான சூடோஎபிட்ரினும் உயர்த்தும். சில நாட்டு மருந்துகளில் இரகசியமாக ஸ்டீராய்டு கலக்கப்பட்டிருப்பதாகச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்துள்ளது. அதுவும் அழுத்தத்தை ஏற்றும். இவற்றைக் கவனிக்காமல் இரத்த அழுத்த மாத்திரையை மட்டும் கூட்டினால் என்ன பயன்? பெரிண்டோபிரிலால் வறட்டு இருமல் வந்து ஒருவர் மாத்திரையை நிறுத்தியிருந்தால், மருந்தாளுநர் அதை மருத்துவரிடம் தெரிவிப்பார். மருத்துவர் வேறு வகைக்கு மாற்றுவார்.

அரசாங்க மருத்துவமனைகளிலும் கிளினிக்குகளிலும் இதற்கென 2004ஆம் ஆண்டு முதல் மருந்தாளுநர்கள் நடத்தும் ஆலோசனை கிளினிக்குகள் தொடங்கப்பட்டன. மீதமுள்ள மாத்திரைகளை எண்ணுவது, சாப்பிடும் நேரத்தை விளக்குவது, சந்தேகங்களைத் தீர்ப்பது ஆகியவை அங்கு நடக்கும் வேலைகள்.

இது பலிக்குமா?

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 52 முடிதிருத்தும் கடைகளில் ஓர் ஆய்வு நடந்தது. கறுப்பின ஆண்கள் 319 பேர் கலந்துகொண்டனர். ஒரு பிரிவினரைக் கடைக்கே வந்த மருந்தாளுநர்கள், மருத்துவர்களுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி மருந்து கொடுத்துக் கவனித்தார்கள். ஆறு மாதத்தில் அவர்களின் மேல் எண் சராசரியாக 27 குறைந்தது. மற்றப் பிரிவில் குறைந்தது 9 மட்டுமே. முடிவு 2018இல் வெளியானது.

நம் நாட்டிலும் கொலம்பியாவிலும் நடந்த ஆய்வு 2019இல் வெளியானது. 30 சமூகங்கள், 1,371 பேர். அங்கே மருந்தாளுநருக்குப் பதில், பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் மருத்துவர் மேற்பார்வையில் பணியாற்றினார்கள். மருந்து இலவசம். ஒவ்வொரு நோயாளிக்கும் குடும்பத்திலோ நட்பிலோ ஒரு துணைவர் இருந்தார். ஓராண்டில் இவர்களில் 69 விழுக்காட்டினருக்கு அழுத்தம் கட்டுக்குள் வந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் அது 30 விழுக்காடு. மருத்துவர் ஒருவரே எல்லாவற்றையும் சுமக்க வேண்டியதில்லை என்பதை இரண்டு ஆய்வுகளுமே காட்டுகின்றன.

நீங்கள் செய்யக்கூடியது

அந்தத் துணைவர் நீங்களாகவே இருக்கலாம்.

1. வீட்டுப் பெரியவரின் எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரே தாளில் எழுதுங்கள். அதை மருத்துவரிடமும் மருந்தாளுநரிடமும் காட்டச் சொல்லுங்கள்.

2. ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுத்தபின் அழுத்தத்தை அளந்து, தேதியோடு குறித்து வையுங்கள்.

3. உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கட்டும். கருவாடு, ஊறுகாய், கிச்சாப், உடனடி மீ ஆகியவற்றில் உள்ள உப்பும் இந்தக் கணக்கில் சேரும்.

4. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் தாமாக நிறுத்த விடாதீர்கள். முதலில் கிளினிக்கில் சொல்லச் செய்யுங்கள்.

5. மருத்துவமனை தூரம் என்றால், அடுத்த மாத மருந்தை வீட்டுக்கு அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கில் பெற முடியுமா என்று மருந்தகத்தில் கேளுங்கள். அதற்கான ஏற்பாடு நம் நாட்டில் உண்டு.