எந்த நீதிமன்றத்தின் படி ஏறுவது?

ஈப்போ ரயில் நிலையத்துக்கு அருகே, நகர மண்டபத்தை அடுத்து, வெண்ணிறச் சுவர்களோடு நிமிர்ந்து நிற்கிறது உயர்நீதிமன்றக் கட்டடம். 1928-ஆம் ஆண்டில் கட்டப்பெற்றது. தோட்டப்புறங்களிலிருந்து பஸ் ஏறி வருவோர் பலர், ‘கோர்ட்’ என்றாலே அந்தக் கட்டடத்தைத்தான் நினைக்கின்றனர். ஆனால், நம் மக்களின் வழக்குகளில் மிகப் பல அந்தப் படியை ஏற வேண்டியவையே அல்ல.

வழக்கு என்றதும் நம்மவர் முதலில் கேட்பது, ‘எந்த வக்கீல்?’ என்பதே. ‘எந்த நீதிமன்றம்?’ என்று கேட்போர் சிலர். ஆயினும் முன்னே வர வேண்டியது இந்தக் கேள்விதான். விலாசம் தவறிய கடிதம் எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தால் என்ன, உரியவர் கையில் சேருமா? நீதிமன்றத்தைத் தீர்மானிப்பது வாதியின் கோபமன்று, பிரதிவாதியின் செல்வாக்குமன்று. வாதி கேட்கும் பரிகாரம் யாது என்பதே அதைத் தீர்மானிக்கிறது. பணம் வேண்டுமா, வேலை வேண்டுமா, ஒரு செயலைத் தடுக்க வேண்டுமா, ஓர் அதிகாரியின் ஆணையை நீக்க வேண்டுமா? இதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

முதலில் பண வழக்குகளைக் காண்போம். கோரும் தொகை 5,000 ரிங்கிட்டுக்கு மேற்படாவிட்டால், தனிமனிதர் ஒருவர் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் ‘சிறு கோரிக்கை’ முறைப்படி வழக்கிடலாம். வழக்கறிஞர் தேவையில்லை, அவரே நேரில் நின்று தம் குறையைச் சொல்லலாம். அதற்கு மேல், ஒரு லட்சம் ரிங்கிட் வரை முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் நீதிமன்றமும், பத்து லட்சம் வரை செஷன்ஸ் நீதிமன்றமும் விசாரிக்கும். அதையும் தாண்டினால் உயர்நீதிமன்றம். இந்த வரம்புகள் 2013 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளவை. அதற்கு முன் மாஜிஸ்திரேட்டுக்கு 25,000, செஷன்ஸுக்கு 2,50,000 என்றிருந்தது. பழைய கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு இன்றும் ஆலோசனை கூறுவோர் உளர். அவர்கள் சொல்லை நம்பிவிடலாகாது.

இங்கே ஒரு தந்திரம் சிலருக்குத் தோன்றும். பன்னிரண்டாயிரம் ரிங்கிட் கடனை மூன்று நாலாயிரங்களாகப் பிரித்து, மூன்று சிறு கோரிக்கைகளாகப் போட்டால் என்ன? சட்டம் இதற்கு இடம் கொடாது. ஒரே காரணத்தில் பிறந்த கோரிக்கையைத் துண்டு போடுதல் கூடாது. ஆனால் வரம்புக்கு மேற்பட்ட தொகையை வாதி தாமாகவே விட்டுவிடலாம். ஆறாயிரம் வரவேண்டியவர், ஆயிரத்தைத் துறந்து ஐயாயிரத்தைக் கேட்கலாம். அந்த ஆயிரம் போனது போனதுதான்; ஆயினும் சில வேளைகளில் அதுவே இலாபமான வழி.

தொகை மட்டுமே அளவுகோல் என்று எண்ணிவிடவும் கூடாது. சாலை விபத்து இழப்பீடு எத்தனை லட்சமானாலும் செஷன்ஸ் நீதிமன்றம் விசாரிக்கலாம். வீட்டுக்காரருக்கும் வாடகைக்காரருக்கும் இடையேயான வழக்கும் அவ்வாறே. இதற்கு மாறாக, மணவிலக்கு, குழந்தையின் பாதுகாவல், அறநிதியை நடைமுறைப்படுத்துதல் ஆகியவற்றில் பணமே இல்லாவிட்டாலும் உயர்நீதிமன்றந்தான் செல்ல வேண்டும். கோயில் சொத்தை அறநிதியாக வைத்திருக்கும் பொறுப்பாளர் மீது வழக்கிட எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்க. தடை உத்தரவு வேண்டுமென்றால் முன்பெல்லாம் உயர்நீதிமன்றமே கதி. 2013 முதல், தன் வரம்புக்குட்பட்ட வழக்கில் செஷன்ஸ் நீதிமன்றமும் அதனை வழங்கலாம்.

அடுத்தது இடம். வழக்குக்குக் காரணம் எங்கே பிறந்தது, பிரதிவாதி எங்கே வசிக்கிறார் அல்லது தொழில் செய்கிறார், சம்பவம் எங்கே நடந்தது, தகராறுக்குரிய நிலம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பேராக்கில் உயர்நீதிமன்றம் ஈப்போவிலும் தைப்பிங்கிலும் அமர்கிறது. இரண்டும் மலாயா உயர்நீதிமன்றம் என்னும் ஒரே மன்றத்தின் இருக்கைகள். ஆதலால் இடத்தைத் தவறாகத் தேர்வது பெரும்பாலும் வழக்கைக் கொன்றுவிடாது. வழக்கு உரிய ஊருக்கு மாற்றப்படும். சாட்சிகளின் பஸ் செலவும் காலமுந்தான் வீணாகும். அதிகாரமே இல்லாத மன்றத்தில் வழக்கிடுவதோ அப்படிப்பட்ட தவறன்று. அங்கே வென்றாலும் அந்தத் தீர்ப்பு நிலைக்காது.

தோட்டத் தொழிலாளர் பெரிதும் இடறி விழுவது இந்த இடத்தில்தான். பேராக்கில் ரப்பர் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. பல செம்பனைக்கு மாறின. சில வீடமைப்பு நிலங்களாயின. தோட்டம் மூடப்பட்டு வேலை இழந்த ஒருவர் பதினெட்டு ஆண்டு பால் வெட்டியவர் என்று வைத்துக்கொள்வோம். 1980-ஆம் ஆண்டின் பணிநிறுத்த நன்மை விதிகளின்படி, ஐந்தாண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு இருபது நாள் சம்பளம் உண்டு. ஆக 360 நாள். நாட்சம்பளம் 70 ரிங்கிட் ஆனால் 25,200 ரிங்கிட் வரவேண்டும். இதற்கு அவர் சிவில் நீதிமன்றத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. தொழிலாளர் இலாகாவில் புகார் செய்தால், அந்த இலாகாவின் தொழிலாளர் நீதிமன்றமே வழக்கறிஞரின்றி விசாரித்து ஆணையிடும்.

மற்றொருவர் நியாயமின்றி வேலையிலிருந்து நீக்கப்பட்டார் என்று கொள்வோம். அவர் சிவில் நீதிமன்றம் சென்றால் கிடைப்பது பொதுவாக முன்னறிவிப்புக் காலத்துச் சம்பளமே. வேலை திரும்பக் கிடைக்காது. வேலையைத் திரும்பத் தரும் அதிகாரம் தொழில் நீதிமன்றத்துக்கு உண்டு. ஆனால் அதற்கு ஒரு வாயில் இருக்கிறது. நீக்கப்பட்ட அறுபது நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் முறையிட்டாக வேண்டும். அறுபத்தோராம் நாள் சென்றால் அந்தக் கதவு மூடப்பட்டிருக்கும். ‘முதலில் வக்கீலைப் பார்ப்போம், பிறகு தலைவரைப் பார்ப்போம்’ என்று மூன்று மாதத்தைக் கழித்துவிட்டுக் கைபிசைந்து நிற்பதில் பயனில்லை.

எந்த நீதிமன்றம் என்ற கேள்வியே ஒரு தாயின் வாழ்வை எப்படி உலுக்கும் என்பதற்கு ஈப்போவிலேயே சான்று உண்டு. பாலர் பள்ளி ஆசிரியையான இந்திரா காந்தியின் கணவர் 2009-இல் இஸ்லாத்தைத் தழுவினார். தாய்க்குத் தெரியாமலே மூன்று குழந்தைகளுக்கும் மதமாற்றச் சான்றிதழ் பெற்றார். ஒரு வயதும் நிரம்பாத கடைசி மகளையும் எடுத்துச் சென்றார். ஷரியா நீதிமன்றம் குழந்தைகளைத் தந்தையிடம் ஒப்படைத்தது. ஈப்போ உயர்நீதிமன்றம் 2010-இல் தாயிடம் ஒப்படைத்தது. ஒரே குழந்தைகளுக்கு இரு மன்றங்களின் இரு ஆணைகள்! ஷரியா நீதிமன்றத்தின் அதிகாரம் இஸ்லாமியர் மீது மட்டுமே செல்லும். இந்துவான தாய் அங்கே வழக்காட இயலாது. ஷரியா நீதிமன்றத்துக்குரிய விவகாரத்தில் சிவில் நீதிமன்றம் தலையிடக்கூடாது என்கிறது 1988-இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 121(1ஏ) பிரிவு. அப்படியானால் அவர் எங்கே செல்வது?

அவர் தரப்பு, ‘இக்குழந்தைகள் எந்த மதத்தவர்?’ என்று கேட்கவில்லை. ‘சான்றிதழ் வழங்கிய பதிவதிகாரி சட்டப்படி நடந்தாரா?’ என்று கேட்டது. ஓர் அரசு அதிகாரியின் செயலை ஆராய்வது சிவில் உயர்நீதிமன்றத்தின் வேலை. 2013-இல் ஈப்போ உயர்நீதிமன்றம் சான்றிதழ்களை நீக்கியது. 2015 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், இது ஷரியா மன்றத்துக்குரியது என்று இரண்டுக்கு ஒன்று என்னும் பெரும்பான்மையில் மாற்றிற்று. 2018 ஜனவரி 29-ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமுகமாகத் தாய்க்குத் தீர்ப்பளித்தனர். அதிகாரிகளின் செயலை ஆராயும் உரிமை சிவில் உயர்நீதிமன்றத்தினின்றும் பறிக்கவொண்ணாதது என்றும், பிள்ளையின் மதமாற்றத்துக்குத் தாய் தந்தை இருவரின் சம்மதமும் வேண்டும் என்றும் முடிவாயிற்று. எந்த மன்றம் என்பது தெளிவாவதற்கே ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் சென்றன. தீர்ப்புக்குப் பின்னும் கடைசி மகள் பல ஆண்டுகள் தாயிடம் வந்து சேரவில்லை என்பது வேறொரு துயரம்.

எல்லா வழக்கும் இவ்வளவு கடினமானதன்று. ஆயினும் பாடம் ஒன்றே. கணக்குப் போடுமுன் வினாவை இருமுறை படி என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். வழக்கிலும் அவ்வாறே, கேட்கப்போவது யாது என்பதை ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். தொகை, இடம், தேதி மூன்றையும் அதன் கீழே குறிக்க வேண்டும். ஒப்பந்தக் கடனுக்கு ஆறு ஆண்டு, அரசாங்கத்தின் மீதான வழக்குக்குப் பொதுவாக மூன்று ஆண்டு, வேலைநீக்கத்துக்கு அறுபது நாள் எனக் கெடு ஓடிக்கொண்டே இருக்கிறது. தவறான படியில் ஏறி இறங்குவோருக்காக அது நின்று காத்திருப்பதில்லை. அந்த ஒரு தாளோடு வழக்கறிஞரையோ இலாகா அதிகாரியையோ சட்ட உதவி நிலையத்தையோ அணுகுபவர், பாதி வழியைக் கடந்துவிட்டவரே ஆவார்.