போரடிச்சா பனியை அள!

ஹாஸ்டல்ல செம போரா பாஸ்? அமெரிக்காவின் கொலராடோ மலையில், காத்திக் என்ற பழைய சுரங்க ஊரில் தனியாகக் குடியேறிய பில்லி பாருக்கும் அதே போர்தான்! 1974 குளிர்காலத்தில் ஒரு நோட்டை எடுத்தார். பலகையில் விழுந்த புதுப்பனியை அளப்பார், எழுதுவார், துடைச்சிடுவார். போன வருஷத்தை இந்த வருஷம் ஜெயிச்சதானு பார்க்கிற விளையாட்டு!

பல வருஷம் கழிச்சு, பக்கத்து ஆய்வுக்கூட விஞ்ஞானிகள் அந்த நோட்டுகளைப் புரட்டினாங்க. ஒரு வருஷம் கொட்டும், மறுவருஷம் ஏமாத்தும். ஆனா, எல்லாத்தையும் வரிசையா வெச்சா..? பனி முன்பைவிட சீக்கிரமே கரையுது! பருவநிலை மாற்றத்துக்கு அந்த நோட்டே சாட்சி.

உங்க மொட்டைமாடி மழைக்கும் ஒரு நோட்டு போடுங்களேன். ஒரே கண்டிஷன்... ஒருநாள்கூட கட் அடிக்கக் கூடாது!