ஷூவுக்குள் ஒரு கைக்கடிகாரம்

பதினாறு வயது நான்ஸி க்ளட்டரின் தங்கக் கைக்கடிகாரம் அவளுடைய அலமாரியில், ஒரு ஷூவின் நுனிக்குள் செருகிவைக்கப்பட்டுக் கிடந்தது. 1959 நவம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஹோல்கம் என்ற சிற்றூரின் ஓரத்தில் இருந்த பண்ணை வீட்டில் அவளும் தாய் தந்தையும் தம்பியும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கடிகாரம் ஏன் ஷூவுக்குள் போனது என்பதற்குப் புலனாய்வாளர்கள் கண்ட பொருத்தமான விளக்கம் ஒன்றுதான். அவள் விழித்திருந்தாள், காலடிச் சத்தம் கேட்டாள், வந்தவர்கள் திருடர்கள் என்று நினைத்தாள். கையில் இருந்ததில் பிரியமான பொருளை ஒளித்துவைத்தாள். காலையில் எடுத்துக் கட்டிக்கொள்ளலாம் என்று நம்பியிருப்பாள்.

இந்தக் கொலைகளைப் பற்றி ட்ரூமன் கபோட்டி எழுதிய 'இன் கோல்ட் பிளட்' நூலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது இந்தக் கடிகாரம்தான். நான்ஸி கெட்டிக்காரி, எல்லோருக்கும் உதவுகிறவள், பக்கத்து வீட்டுச் சிறுமிக்குச் செர்ரிப் பை செய்யக் கற்றுக்கொடுத்தவள் என்றெல்லாம் புத்தகம் பக்கம் பக்கமாகச் சொல்கிறது. ஆனால் பயந்துபோன ஒரு பெண்ணின் கை இருட்டில் ஷூவைத் தேடிய அந்த ஒரு கணத்தில் அவள் நமக்கு நேரில் தெரிந்தவளாகிவிடுகிறாள். குற்றத்தைப் பற்றிய எழுத்தில் கொலையாளிதான் வழக்கமாகக் கதாநாயகன். இறந்தவர்கள் வயதும் பெயருமாகச் சுருங்கிப்போவார்கள். அப்படிச் சுருங்காமல் அவர்களைக் காப்பாற்றுவது பெரும்பாலும் இப்படியொரு வீட்டுச் சாமான்தான்.

தந்தை ஹெர்ப் க்ளட்டரின் குணத்தைச் சொல்லும் பொருள் காசோலைப் புத்தகம். கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளாதவர் என்று வட்டாரத்துக்கே தெரியும்; எதற்கும் காசோலைதான் கொடுப்பார். கணக்கு சுத்தமாக இருக்கவேண்டும் என்று நினைக்கிற, தேநீரோ காப்பியோகூடத் தொடாத மனிதர். இறப்பதற்கு முந்தைய பிற்பகலில் 40,000 டாலர் ஆயுள் காப்பீட்டுக்குக் கையெழுத்திட்டு, முதல் தவணையையும் காசோலையாகவே கொடுத்தார். இப்பேர்ப்பட்டவரின் வீட்டில் பணம் நிறைந்த இரும்புப் பெட்டி இருக்கிறது என்று, அங்கே ஒருகாலத்தில் வேலை பார்த்த கைதி ஒருவன் சிறையில் டிக் ஹிக்காக்கிடம் சொன்னான். அந்தப் பேச்சை நம்பித்தான் டிக்கும் அவனுடைய கூட்டாளி பெர்ரி ஸ்மித்தும் 400 மைலுக்கு மேல் கார் ஓட்டி வந்தார்கள். அப்படி ஒரு பெட்டி இல்லை. கிடைத்தது 40, 50 டாலருக்குள்தான். அந்த வீட்டில் இருந்த காசோலைப் புத்தகத்துக்கும் இவர்கள் மனதில் இருந்த இரும்புப் பெட்டிக்கும் நடுவில் நான்கு உயிர்கள் போயின.

தம்பி கென்யன் இன்னொரு அக்காவின் கல்யாணப் பரிசாகத் தன் கையாலேயே ஒரு மரப்பெட்டி செய்துகொண்டிருந்தான். வார்னிஷ் அடித்து வைத்திருந்தான். அவனுடைய கையடக்க ரேடியோ பின்னர் மெக்ஸிகோ நகரத்து அடகுக்கடை ஒன்றில் கிடைத்தது.

கபோட்டி மிக அதிகமாகப் பொருட்களைக் குவித்துவைப்பது பெர்ரி ஸ்மித்தைச் சுற்றித்தான். பழைய கிட்டார், புதையல் தேடும் வரைபடங்கள், கடிதங்கள், பாட்டு எழுதிய தாள்கள், அழகான சொற்களைக் குறித்துவைத்த ஒரு நோட்டு. போகிற இடமெல்லாம் இவற்றை இழுத்துக்கொண்டு போனான். தங்க வீடில்லாத ஒருவனுக்கு அந்தச் சாமான்களே வீடு. மெக்ஸிகோவில் கையில் காசு தீர்ந்தபோதுகூட அவற்றைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. ஒரு பெட்டியில் போட்டு லாஸ் வேகாஸ் தபால் நிலையத்துக்குத் தன் பெயருக்கே அனுப்பிவைத்தான். டிசம்பர் 30 அன்று அங்கே போய்ப் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்த சில நிமிடங்களில் போலீஸ் பிடித்தது. கொலை நடந்த இரவில் போட்டிருந்த பூட்ஸ் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. எதையும் விட முடியாத குணமே அவனைக் காட்டிக்கொடுத்தது. இதில் எழுத்தாளர் சேர்க்கவேண்டியது ஏதுமில்லை.

இந்தப் புத்தகத்தில் எதைவிடவும் என்னைத் தொந்தரவு செய்கிற பொருள் ஒரு மெத்தை வந்த அட்டைப்பெட்டி. நிலவறையின் சிமெண்ட் தரை சில்லென்று இருந்ததால், கட்டிப்போட்ட ஹெர்ப் க்ளட்டர் படுத்துக்கொள்ள பெர்ரி அந்த அட்டையை இழுத்துப் போட்டான். கென்யனின் தலைக்குக் கீழே ஒரு தலையணையும் வைத்தான். கொஞ்ச நேரத்தில் இருவரும் கொல்லப்பட்டார்கள். பின்னர் அதே அட்டையில், ரத்தத்தில் பதிந்த ஒரு பூட்ஸ் தடம் கிடைத்தது. 'கேட்ஸ் பா' என்ற கம்பெனியின் அடிப்பாகம். பெர்ரியின் பூட்ஸ். இரக்கம் என்று சொல்லத்தக்க ஒரு செயலும் கொலைக்கான சாட்சியும் ஒரே காகித அட்டையில். 'அவனுக்குள் நல்லவனும் இருந்தான்' என்று சுலபமாக முடித்துவிடலாம். எனக்கு அதில் சம்மதமில்லை. அந்த அட்டை அவனை மன்னிக்கவும் சொல்லவில்லை, அரக்கன் என்று ஒதுக்கிவைக்கவும் விடவில்லை. இரண்டு வசதியையும் அது நமக்கு மறுக்கிறது.

அதே இரவில் நான்ஸியின் அறையில் பெர்ரிக்கு ஒரு சின்னப் பர்ஸ் கிடைத்தது. அதிலிருந்த வெள்ளி டாலர் கை நழுவித் தரையில் உருண்டு ஓடியது. அதைப் பிடிக்க பெர்ரி மண்டியிட்டுத் தவழவேண்டியிருந்தது. ஒரு சிறுமியின் காசுக்காகத் தவழ்கிறோமே என்று அந்த நிமிடத்தில் தன்மீதே அருவருப்பு வந்ததாக அவன் வாக்குமூலத்தில் சொன்னான். ஒரு நாணயம் அவனுடைய வாழ்க்கை முழுவதையும் அவனுக்கே காட்டிவிட்டது. இதை எந்த நாவலாசிரியராவது கற்பனையில் எழுதியிருந்தால் கொஞ்சம் அதிகம் என்று நினைத்திருப்பேன். நடந்தது என்று தெரிவதால்தான் கனக்கிறது.

அதனால்தான் கபோட்டியிடம் எனக்குக் கோபமும் உண்டு. ஆறு ஆண்டு உழைப்பு. 1965இல் 'நியூ யார்க்கர்' இதழில் தொடராக வந்து, அடுத்த ஆண்டு நூலானது. ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று அவர் உரிமை கொண்டாடினார். ஆனால் புலனாய்வு அதிகாரி ஆல்வின் டூயி கல்லறைத் தோட்டத்தில் நான்ஸியின் தோழியைச் சந்திப்பதாக வரும் கடைசிக் காட்சி நடக்கவே இல்லை. நான்ஸியின் செல்லக் குதிரை பேப் விஷயம் இன்னும் சிறியது, எனக்கு அதுவே அதிகம் உறுத்துகிறது. பண்ணையின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது மென்னோனைட் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த விவசாயி ஒருவர் 75 டாலருக்கு அதை வாங்கி, ஏர் உழ ஓட்டிக்கொண்டு போகலாம் என்று சொன்னதாகப் புத்தகத்தில் இருக்கிறது. படிக்கும்போது தொண்டை அடைக்கும். 1966இலேயே ஃபிலிப் டாம்ப்கின்ஸ் கான்சஸுக்குப் போய் விசாரித்து 'எஸ்குவயர்' இதழில் எழுதினார். குதிரையை வாங்கியவர் உள்ளூர்க்காரர். கொடுத்த விலை இரண்டு மடங்குக்கும் மேல்.

குடும்பம் அழிந்துபோனதன் அடையாளமாக ஓர் அநாதைக் குதிரை கபோட்டிக்குத் தேவைப்பட்டிருக்கிறது. நடந்ததோ வேறு. செத்துப்போன பெண்ணின் குதிரையை ஊருக்குள்ளேயே ஒருவர் நல்ல விலை கொடுத்து வாங்கியிருக்கிறார். அவர் யார், ஏன் அவ்வளவு கொடுத்தார், பேப் அதன்பின் எந்தக் கொட்டிலில் நின்றது என்று கேட்டு எழுதியிருந்தால், கொலைக்குப் பிறகு ஒருவரையொருவர் சந்தேகித்து இரவெல்லாம் விளக்கெரிய விட்டிருந்த ஹோல்கம் மக்களின் இன்னொரு முகம் நமக்குத் தெரிந்திருக்கும். கபோட்டி அந்த வட்டாரத்தில்தான் இருந்தார், கேட்டால் சொல்லியிருப்பார்கள்.