மென்பொருள் வேலையை வகுக்கும் முறைகள்

தாராவியின் தோல் பட்டறைகளை நம்மவர் நன்கு அறிவர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழர் அங்கே தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்டனர். பதனிடுதல் பெரும்பாலும் வெளியிடங்களுக்குச் சென்றுவிட்ட போதிலும், பை தைக்கும் பட்டறைகள் இன்றும் உள்ளன. புதுவகைப் பைக்கு முதலில் ஒரு மாதிரி தைத்துக் காட்டுவதே தொழிலறிந்தோர் வழக்கம். வாங்குவோர் இசைந்த பின்னரே தோலில் கத்தி படும். வெட்டிய தோல் ஒட்டாதன்றோ!

நம் பிள்ளைகளுள் பலர் நாடும் மென்பொருள் தொழிலிலும் இதே கேள்வி எழுகிறது: பிழையை எந்தக் கட்டத்தில் கண்டுகொள்வது?

பழைய முறைக்கு அருவி முறை என்று பெயர். தேவையை எழுதுதல், திட்டம் வகுத்தல், நிரல் எழுதுதல், சோதித்தல், ஒப்படைத்தல் என வேலை படிப்படியாக இறங்கிச் செல்லும். 1970ஆம் ஆண்டில் வின்ஸ்டன் ராய்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் இவ்வரிசையைப் படமாக வரைந்தார். ஆனால், சோதனை இறுதியில் வருவதால் இம்முறை ஆபத்தானது என்று அவரே எச்சரித்தார். புதிய வேலையாயின் முன்னதாக ஒரு மாதிரியைச் செய்து பார்க்க வேண்டுமென்பதும் அவர் கூறிய யோசனையே. படத்தை ஏற்றுக்கொண்ட பலர் எச்சரிக்கையை மறந்தனர்.

2001ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 வல்லுநர்கள் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டனர். அவர்கள் ஆதரித்த முறைகளுக்கு 'அஜைல்' என்பது பொதுப்பெயர். இவற்றில் வேலை சிறு சுற்றுகளாகப் பிரிக்கப்படும். இரண்டு வாரத்திற்கு ஒருமுறை, இயங்கக்கூடிய ஒரு பகுதியை வாங்குவோரிடம் காட்டி, அவர் கருத்தறிந்து திருத்துவது இதற்கோர் எடுத்துக்காட்டு.

எல்லா வேலைக்கும் ஒரே முறை பொருந்தாது. விமானத்தை இயக்கும் மென்பொருளுக்கு முன்கூட்டிய திட்டமும் கடுமையான சோதனையும் இன்றியமையாதவை. கடைக்கணக்கு எழுதும் மென்பொருளோ பயன்படுத்தப் பயன்படுத்தவே செம்மையுறும்.

பிழைகள் யாவும் கடைசி நாளில் ஒருசேர வெளிப்பட்டால், இரவெல்லாம் விழித்திருப்பவர் நிரல் எழுதும் இளைஞரே. அந்நிலையில் புதிதாக ஆட்களைச் சேர்ப்பதும் உதவாது. தாமதமான வேலைக்கு ஆள் கூட்டினால் தாமதம் மேலும் வளரும் என்று பிரெட் புரூக்ஸ் 1975ஆம் ஆண்டிலேயே எழுதினார். ஆகவே, வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகள் சம்பளத்தோடு, அங்கே வேலை எவ்வாறு வகுக்கப்படுகிறது என்பதையும் கேட்டறிதல் நன்று.