பரணிலிருந்து இறங்கிய வாத்து

பண்டிகைக்காக வீட்டை ஒழிக்கும்போது பரணிலிருந்து என்னென்னவோ இறங்கும். மூக்குடைந்த கொலுப் பொம்மை இறங்கும். பிடி போன வாணலி இறங்கும். எங்கள் எதிர் வீட்டிலே சென்ற மாதம் ஒரு 'வீடியோ கேம்' பெட்டி இறங்கியது.

1990-களின் நடுவில், எதிர் வீட்டுப் பெண் எட்டு வயதுச் சிறுமியாக இருந்தபோது, அவளுடைய அப்பா வாங்கி வந்ததாம். டெலிவிஷனில் வாத்துகள் பறக்கும். அப்பாவும் பெண்ணும் மாறி மாறிப் பிளாஸ்டிக் துப்பாக்கியால் சுடுவார்கள். அப்பா காலமாகி இரண்டு வருஷமாகிறது. தன் பிள்ளைக்குத் தாத்தாவின் விளையாட்டைக் காட்டலாமென்று ஆசையோடு ஸ்விட்சைப் போட்டாள். விளக்கு எரியவில்லை.

"அதனாலென்ன, வேறொன்று வாங்கிவிடேன்" என்றேன், விஷயம் தெரிந்தவள் மாதிரி.

"வாங்கலாம் மாமி. இந்தக் காஸெட் அதிலே நுழையணுமே!"

நியாயமான கவலைதான் என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. இந்தப் பெட்டியின் பூர்வோத்தரம் ஜப்பானில் ஆரம்பிக்கிறது. நின்டெண்டோ கம்பெனியில் மசாயுகி உவெமுரா என்பவர் தலைமையில் உருவாகி, 1983 ஜூலை 15-ல் கடைக்கு வந்தது. விலை 14,800 யென். 'குடும்பக் கம்ப்யூட்டர்' என்று பெயர் வைத்தார்கள், சுருக்கமாக 'ஃபாமிகாம்'. நம் வீடுகளுக்கு வந்தவை பெரும்பாலும் அதன் நகல்கள். ஆனாலும் காஸெட்டின் அடியிலுள்ள பற்கள் அசலைப் போலவே 60. அதே யந்திரம் 1985-ல் அமெரிக்காவுக்குப் போனபோது வேறு உருவம் எடுத்தது. அங்கே பற்கள் 72. ஆட்டம் ஒன்றுதான், வாய் வேறு!

முதலில் ரிப்பேர் கடைக்குப் போனோம். கடைக்காரர் அடாப்டரைச் சோதித்தார்; நன்றாயிருந்தது. உள்ளே மின்சாரத்தை 5 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் சிறு உறுப்பு போயிருந்தது. மாற்றியதும் விளக்கு எரிந்தது. எங்களுக்கு ஒரே சந்தோஷம். படம் மட்டும் வரவில்லை.

"இதைப் பாருங்கம்மா, கறுப்பு மெழுகு சொட்டின மாதிரி இருக்கே, மூளை பூரா இதுக்குள்ளேதான். அந்தச் சின்னது போகும்போது இதையும் கூட்டிக்கிட்டுப் போயிருக்கு. பிரிச்சு வேலை பார்க்க முடியாது" என்றார்.

மலிவு நகல்களின் தலையெழுத்து அது. அசலின் கதை மட்டும் என்ன வாழ்ந்தது? 2003-ல் ஃபாமிகாம் தயாரிப்பதை நிறுத்திய கம்பெனி, உதிரி பாகம் இல்லையென்று 2007-ல் பழுது பார்ப்பதையும் விட்டுவிட்டது.

சரி, பழைய அசலையே ஜப்பானிலிருந்து தருவிக்கலாமா? அங்கே வீட்டு மின்சாரம் 100 வோல்ட். அந்த அடாப்டரை நம் 230 வோல்ட்டில் செருகினால் புகைதான் மிஞ்சும். முதல் மாடலின் படம் ஆண்டெனா வழியாக ஜப்பானியச் சானலில் வருவதால் நம் டெலிவிஷனில் தெரிவதும் சந்தேகம். மஞ்சள் செருகி உள்ள மாடல் 1993-ல்தான் வந்தது. அமெரிக்கப் பெட்டியின் அடாப்டரோ மாறுமின்சாரம் தருவது; அதைக் கொண்டுபோய் நேர்மின்சாரம் கேட்கும் ஜப்பான் பெட்டியில் செருகினால் பெட்டிக்கே ஆபத்து. 2016-ல் நின்டெண்டோ வெளியிட்ட கையடக்கப் பெட்டியில் 30 ஆட்டங்கள் உண்டு. காஸெட் செருக இடமில்லை, வாத்து ஆட்டமும் இல்லை.

ஆகவே, நகலுக்கு நகலே துணை என்று முடிவாயிற்று. பழைய சாமான் விற்பவரிடம் ஒன்று அகப்பட்டது. ரவிக்கைக்கு மாட்ச் பார்க்கப் புடவையைக் கையோடு எடுத்துப் போவதில்லையா? அப்படிக் காஸெட்டையும் துப்பாக்கியையும் எடுத்துப் போனோம். நல்லதாய்ப் போயிற்று. முதலில் காட்டிய பெட்டியில் துப்பாக்கியின் செருகி சேரவில்லை, இரண்டாவதில் சேர்ந்தது. காஸெட்டை நுழைக்குமுன் நான் வழக்கம்போல 'பூ' என்று ஊதப் போனேன், அவள் தடுத்துவிட்டாள். வாயின் ஈரம் பட்டால் பற்கள் அரித்துப் போகுமாம். நாமெல்லாம் எத்தனை ஊதியிருப்போம்!

வீட்டில் வந்து சுவரிலுள்ள தட்டை டெலிவிஷனில் இணைத்தோம். பாட்டு வந்தது, வாத்து பறந்தது. பையன் சுட்டான். விழவில்லை. மறுபடியும் சுட்டான். புல்லுக்குள்ளிருந்து நாய் எழுந்து சிரித்தது. இவள் முகம் வாடிப்போயிற்று.

ரிப்பேர்க்காரருக்குப் போன் செய்ததில் காரணம் தெரிந்தது. துப்பாக்கி எதையும் சுடுவதில்லை, பார்க்கிறது. அதன் குழலுக்குள் ஒளியை உணரும் ஒரு கண் இருக்கிறது. விசையை அழுத்தியதும் திரை கண நேரம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னும். கறுப்புக்குப் பின் வெள்ளையைக் கண் கண்டால் வாத்து விழும். பழைய குழாய் டெலிவிஷன் படத்தை வந்த நொடியே எழுதும். தட்டைத் திரையோ வாங்கி, பக்குவப்படுத்தி, இம்மியளவு தாமதித்துக் காட்டும். அதற்குள் பெட்டி 'தப்பிவிட்டது' என்று தீர்ப்பு எழுதிவிடும்! போதாததற்கு, அந்தக் கண்ணே குழாய்த் திரையின் மினுமினுப்புக்கென்று அமைந்தது.

நல்லவேளை, அவருடைய கடையிலே 21 அங்குலக் குழாய் டெலிவிஷன் ஒன்று, மேலே பெயிண்ட் டப்பாக்களைச் சுமந்துகொண்டு கிடந்தது. இரண்டு ஆள் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். இதற்காகக் கூடத்தில் ஊஞ்சலை ஒதுக்கவேண்டி வந்ததில் அவளுடைய மாமியாருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அன்று சாயங்காலம் முதல் வாத்து விழுந்தது. பையன் போட்ட கூச்சலில் நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன்.

"தாத்தா எப்படிம்மா சுடுவார்?" என்று கேட்டான்.

"திரையிலே மூக்கு இடிக்கிற மாதிரி நின்னுண்டு சுடுவார். அழுகுணி ஆட்டம்னு நான் சண்டை போடுவேன்" என்றாள்.

பையன் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய்த் திரையை ஒட்டி நின்றுகொண்டான்.