ஒரு கோட்டையும் இரண்டு குகைகளும்

(இரண்டாம் ஆண்டு சிவில் மாணவர் எழுதியது)



ஜப்பான் என்று சொன்னவுடன் நம் நினைவுக்கு வருவது என்ன? டோக்கியோ, புல்லட் ரயில், ஹிரோஷிமா! அவ்வளவுதான். ஆனால் அந்த நாட்டின் தென்கோடியில், தைவானை நோக்கி நீண்டு கிடக்கும் தீவுக்கூட்டம் ஒன்று இருக்கிறது. அதுதான் ஒகினாவா. அங்கே அமைதியான கடலோர ஊர் ஒன்று. பெயர் யோமிதான். நான் அங்கே போனவன் இல்லை. நம்ம டிப்ளமோ சிலபஸில் வருகிற 'ஆர்ச்' பாடத்துக்காகப் படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்ட ஒரு கோட்டை வாசல்தான் என்னை அந்த ஊருக்குள் இழுத்துப் போனது. என்றைக்காவது நம்மில் யாராவது அங்கே வேலைக்கோ சுற்றுலாவுக்கோ போனால், எதைப் பார்க்க வேண்டும், ஏன் பார்க்க வேண்டும் என்று சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊர் எப்படிப்பட்டது?

ஒகினாவாவின் பெரிய தீவில், மேற்குக் கடற்கரையில் இருக்கிறது யோமிதான். தலைநகர் நாஹாவிலிருந்து சாலை வழியே ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். ரயில் கிடையாது, பஸ் அல்லது கார்தான். சுமார் நாற்பதாயிரம் பேர் வாழ்ந்தும் இது இன்றும் சட்டப்படி 'கிராமம்'தான். ஜப்பானிலேயே அதிக மக்கள்தொகை கொண்ட கிராமம் இதுவே! கரும்புத் தோட்டம், ஊதா நிறச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு, வீட்டு வாசலில் 'ஷீசா' என்கிற காவல் சிங்கப் பொம்மை, பக்கத்திலேயே நீலக்கடல். மே, ஜூன் மாதங்கள் மழைக்காலம். அதன்பின் அக்டோபர் வரை புயல் அடிக்கும். ஆக, போகிறவர்கள் இந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது.

கொஞ்சம் வரலாறு தெரிந்தால்தான் ஊர் புரியும். ஒகினாவா ஆதியில் ஜப்பானின் பகுதி அல்ல. 1429-இல் ஷோ ஹாஷி என்ற மன்னர் மூன்று சிற்றரசுகளை ஒன்றாக்கி ரியூக்யூ என்ற தனி அரசை நிறுவினார். அதற்கும் முன்பே, 1372-இல், சீனப் பேரரசருக்கு முதல் தூதராகப் போனவர் தாய்கி என்பவர். அவருடைய சிலை யோமிதானின் ஜான்பா முனையில் கடலைப் பார்த்தபடி நிற்கிறது. ரியூக்யூ கப்பல்கள் சீனா, கொரியா மட்டுமல்ல, மலாக்கா வரைக்கும் வந்து போயின. அதே மலாக்கா துறைமுகத்தில் அப்போது நம் தமிழ் வணிகர்களும் இருந்தார்கள் என்பது நமக்கொரு சுவையான செய்தி. 1609-இல் ஜப்பானின் சாட்சுமா படை ரியூக்யூவைப் பிடித்தது. 1879-இல் அரசே ஒழிக்கப்பட்டு ஒகினாவா ஜப்பானிய மாநிலமானது.

சாந்து இல்லாத சுவர்

யோமிதானில் முதலில் பார்க்க வேண்டியது ஜாகிமி கோட்டை. ஒகினாவா மொழியில் கோட்டைக்கு 'குசுக்கு' என்று பெயர். 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோசமாரு என்ற தளபதி இதைக் கட்டினார். கோட்டை கட்டுவதில் அவர் பெயர் பெற்றவர். கடல்மட்டத்திலிருந்து 120 மீட்டருக்கும் சற்று அதிகமான குன்றின் மேல் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. உள்ளே அரண்மனை எதுவும் இல்லை. ஒரு கட்டடத்தின் அடித்தளக் கற்கள் மட்டுமே மிச்சம். "இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?" என்று கேட்கத் தோன்றும். சிவில் படிக்கிறவன் அப்படிக் கேட்க மாட்டான்!

முதலாவது, சுவரைப் பாருங்கள். பவளப் பாறையிலிருந்து உண்டான சுண்ணாம்புக்கல். சாந்தே பூசவில்லை. ஒழுங்கற்ற பல பக்கங்கள் கொண்ட கற்களை ஒன்றோடு ஒன்று கவ்விக்கொள்ளும்படி செதுக்கி அடுக்கியிருக்கிறார்கள். வாசல் பக்கத்தில் மட்டும் நாம் 'ஆஷ்லர்' என்று படிக்கிறோமே, அதுபோல வரிசை வரிசையான சதுரக் கற்கள். சாந்து இல்லாததால் மழைநீர் இடுக்குகள் வழியே தானாக வடிந்துவிடும். நாம் ரீடெய்னிங் வாலுக்கு 'வீப் ஹோல்' விடுகிறோம் அல்லவா? இங்கே சுவர் முழுவதுமே வீப் ஹோல்!

இரண்டாவது, சுவர் எங்கும் நேர்கோட்டில் போகவில்லை; அலைபோல வளைந்து வளைந்து போகிறது. அழகுக்காக என்று நினைத்தால் தவறு. குன்றின் மண் இளகிய செம்மண். கோட்டைக்கு ஏற்ற கெட்டியான தரை அல்ல. அதனால் சுவரைத் தடிமனாக்கி, வளைத்தும் கட்டினார்கள். காகிதத்தை நேராக நிறுத்தினால் விழுந்துவிடும், வளைத்து நிறுத்தினால் நிற்கும், அதே தத்துவம்தான். கூடவே, வாசலை நெருங்கும் எதிரியை இரண்டு பக்கத்திலிருந்தும் தாக்கவும் வளைவு உதவியது.

மூன்றாவது, வாசல். இரண்டு மதில் வளாகங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆர்ச் வாசல். உச்சியில் கற்கள் சந்திக்கும் இடத்தில் ஆப்பு மாதிரி ஒரு சிறிய கல் சொருகியிருக்கும். ஒகினாவாவின் மற்றக் கோட்டைகளில் இந்த ஆப்புக்கல் இல்லை. அதனால் இதை அங்குள்ள ஆர்ச்சுகளில் மிகப் பழைய வடிவம் என்று கருதுகிறார்கள். மேலே இருந்து வரும் பாரம் கற்களை ஒன்றோடொன்று நெருக்குகிறது. நெருக்க நெருக்க ஆர்ச் இறுகுகிறது. பாரம்தான் அதன் பலம் என்றால் மிகையாகாது.

கல் எங்கிருந்து வந்தது? கோசமாரு முன்பு இருந்த யமாதா கோட்டையைக் கலைத்து, அந்தக் கற்களை மக்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டு வந்தார்கள் என்பது செவிவழிச் செய்தி.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் ராணுவம் இந்தக் கோட்டையில் விமான எதிர்ப்புப் பீரங்கிகளை வைத்தது. போருக்குப் பின் அமெரிக்க ராணுவம் ரேடார் தளம் அமைத்தது. 1972 மே 15-இல் ஒகினாவா ஜப்பானிடம் திரும்பிய பிறகுதான் அகழாய்வும் சீரமைப்பும் நடந்தன. 2000-ஆம் ஆண்டில் மற்ற ரியூக்யூ சின்னங்களோடு சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ இதை அறிவித்தது.

குண்டு கிடந்த நிலத்தில் சூளை

அடுத்து, மண்பாண்டம் செய்வோர் குடியிருப்பு. 'யாச்சிமுன் நோ சாத்தோ' என்பார்கள். யாச்சிமுன் என்றால் சுட்ட மண்பாண்டம். நாஹா நகரில் புகைத் தொல்லை காரணமாக விறகுச் சூளைகளுக்குத் தடை வந்தது. விறகுச் சூளைதான் வேண்டும் என்று நினைத்த கலைஞர் கின்ஜோ ஜிரோ 1972-இல் யோமிதானுக்குக் குடிபெயர்ந்தார். 1985-இல் ஒகினாவாவிலிருந்து முதன்முதலாக 'வாழும் தேசியச் செல்வம்' என்ற சிறப்பைப் பெற்றவர் அவரே. மற்றக் குயவர்களும் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு ஊர் கொடுத்த இடம் எது தெரியுமா? அமெரிக்க ராணுவம் வெடிக்காத குண்டுகளை அழிப்பதற்குப் பயன்படுத்திய நிலம்!

1980-இல் நான்கு குயவர்கள் சேர்ந்து ஒன்பது அறைகள் கொண்ட சூளை ஒன்றைக் கட்டினார்கள். சரிவான நிலத்தில் படிப்படியாக மேலேறும் சூளை அது. கீழ் அறையில் எரிக்கும் நெருப்பின் சூடு மேலே ஏறி அடுத்த அறையை முன்கூட்டியே சூடாக்குகிறது. பிறகு அந்த அறையில் கொஞ்சம் விறகு போட்டாலே போதும். வீணாகும் வெப்பத்தைத் திரும்பப் பயன்படுத்தும் இந்த யோசனையை நம்ம மெக்கானிக்கல் நண்பர்கள் கவனிக்கவும்.

டப்பாவில் பிறந்த இசை

ஒகினாவா வீடுகளில் 'சான்ஷின்' என்ற மூன்று தந்தி வாத்தியத்தைப் பார்க்கலாம். சீனாவிலிருந்து வந்தது, மலைப்பாம்புத் தோல் போர்த்தியது. இதை வாசித்துப் பாடும் கலைக்கு முன்னோடி என்று ஒகினாவா மக்கள் போற்றும் அகாயின்கோ யோமிதானைச் சேர்ந்தவர் என்பது மரபு. ஆண்டுதோறும் மார்ச் 4-ஆம் தேதி 'சான்ஷின் நாள்'. 1993-இல் தொடங்கிய இவ்விழாவில், வானொலியின் மணியோசையைக் கேட்டதும் எங்கெங்கோ இருப்பவர்கள் ஒரே பாட்டை ஒரே நேரத்தில் வாசிக்கிறார்கள்.

1945-இல் போரில் எல்லாம் எரிந்துபோனது. முகாம்களில் அடைக்கப்பட்ட மக்கள் சும்மா இருக்கவில்லை. காலி டப்பாவை உடலாகவும், கட்டில் மரத்தைக் கழுத்தாகவும், பாராசூட் கயிற்றைத் தந்தியாகவும் வைத்துச் சான்ஷின் செய்தார்கள்! சாப்பாட்டுக்கே வழியில்லாத இடத்தில் பாட்டு எதற்கு என்று கேட்கலாம். அவர்கள் கேட்கவில்லை.

இரண்டு குகைகள்

இனி நான் சொல்லப்போவது மகிழ்ச்சியான செய்தி அல்ல. ஆனால் இதைச் சொல்லாமல் யோமிதானைப் பற்றி எழுதுவது சரியல்ல.

1945 ஏப்ரல் 1. அமெரிக்கப் படை ஒகினாவாவின் பெரிய தீவில் இறங்கியது யோமிதான் பகுதிக் கடற்கரையில்தான். ஊர்மக்கள் சுண்ணாம்புப் பாறைக் குகைகளில் ஒளிந்தார்கள். நமிஹிரா என்ற ஒரே பகுதியைச் சேர்ந்தவர்கள், ஒன்றுக்கொன்று நடந்து போகும் தூரத்தில் இருந்த இரண்டு குகைகளில் இருந்தார்கள்.

முதல் குகை சிபிச்சிரிகாமா. உள்ளே சுமார் 140 பேர். "எதிரியிடம் பிடிபட்டால் பெண்களைக் கெடுப்பான், ஆண்களைக் கொடூரமாகக் கொல்வான், பிடிபடுவதைவிடச் சாவதே மேல்" என்று பல ஆண்டுகளாக அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வெளியே நின்ற சிப்பாய்கள் 'வாருங்கள், கொல்ல மாட்டோம்' என்றதை யாரும் நம்பவில்லை. மறுநாள் அந்தக் குகைக்குள் எண்பதுக்கும் மேற்பட்டோர் தங்கள் குடும்பத்தார் கையாலும் தங்கள் கையாலும் உயிரிழந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேல் சிறுவர் சிறுமியர்.

இரண்டாவது குகை ஷிமுகுகாமா. உள்ளே சுமார் ஆயிரம் பேர். அதே பயம், அதே போதனை. ஆனால் அங்கே ஹவாய்த் தீவில் பிழைப்புக்குப் போய்த் திரும்பிய இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் பேசத் தெரியும். அமெரிக்கர்களோடு பழகியவர்கள். "அவர்களும் மனிதர்கள்தான், சாதாரண ஜனங்களைக் கொல்ல மாட்டார்கள்" என்று ஊராரைத் தடுத்து, வெளியே போய்ச் சிப்பாய்களிடம் பேசினார்கள். ஆயிரம் பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள்.

முதல் குகையில் நடந்ததை, பிழைத்தவர்கள் முப்பத்தெட்டு ஆண்டுகள் வெளியே சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை. 1983-இல்தான் பேசத் தொடங்கினார்கள். இன்று சிபிச்சிரிகாமாவுக்கு உள்ளே நுழையக் கூடாது; அது கல்லறை. போகிறவர்கள் வெளியே நின்று கைகூப்பிவிட்டு வர வேண்டும்.

நண்பர்களே! இதைப் படித்தபோது எனக்கு எங்க தாத்தா ஞாபகம்தான் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத அவர், ஒருத்தர் வாய்ச்சொல்லை நம்பி ஒரு தாளில் கைநாட்டு வைத்தார். அதோடு நிலம் போயிற்று. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். இப்போது எங்கள் தெருவில் யாருக்கு எந்தக் கடிதம் வந்தாலும், "தம்பி, இதுல என்ன போட்டிருக்கு, பாத்துச் சொல்லுப்பா" என்று என்னிடம்தான் கொடுக்கிறார்கள். சில நேரம் அலுப்பாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். எங்களுக்குப் போனது நிலம். அங்கே போனது உயிர். இரண்டையும் ஒன்றாக வைக்க நான் துணிய மாட்டேன். ஆனால் இருட்டில் இருக்கும் ஒரு கூட்டத்தில் விஷயம் தெரிந்த ஒரு ஆள் இருப்பதும் இல்லாததும் எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதை அந்த இரண்டு குகைகளும் எனக்குச் சொல்லிவிட்டன. அந்த ஹவாய்க்காரர்கள் பெரிய படிப்பாளிகள் அல்ல. பிழைக்கப் போன இடத்தில் கற்றுக்கொண்டதைத் தேவையான நேரத்தில் பயத்தை மீறி வாய்திறந்து சொன்னார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்தது.

"நுச்சி து தக்காரா" என்பது ஒகினாவா மக்களின் வழக்குமொழி. உயிரே செல்வம் என்று பொருள். யோமிதான் போகிறவர்கள் காலையில் கோட்டை, நடுப்பகலில் சூளை, பிறகு குகைகள், மாலையில் ஜான்பா முனை என்று ஒரே நாளில் பார்த்துவிடலாம். கோட்டை வாசலைக் கடக்கும்போது ஒரு நிமிடம் நின்று, தலைக்கு மேலே அந்த ஆப்புக்கல்லைப் பாருங்கள். ஆர்ச்சில் மிகச் சிறிய கல் அதுதான்!