திடீர் இதய நிறுத்தமும் உயிர் மீட்பும்: தாமிரபரணிப் படுகையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

மருத்துவமனைக்கு வெளியே இதயம் திடீரென நின்றுவிடும்போது உயிர் பிழைப்பது, அருகில் இருப்பவர் முதல் சில நிமிடங்களில் செய்யும் செயலைப் பொறுத்தது. மாரடைப்பையும் இதய நிறுத்தத்தையும் வேறுபடுத்திப் பதிவு செய்வதும், அப்பதிவின்வழி மக்களுக்குப் பயிற்சி அளிப்பதும் திருநெல்வேலி வட்டாரத்திற்கு இன்றியமையாதவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இதய நிறுத்தம், மாரடைப்பு, சி.பி.ஆர்., தரவுப் பதிவேடு, தாமிரபரணி.

முன்னுரை

‘மாரடைப்பால் காலமானார்’ என்னும் தொடர் இரங்கற் செய்திகளில் பெருவழக்காக உள்ளது. அது இருவேறு நிலைகளை ஒன்றாக்கிவிடுகிறது. இதயத் தசைக்குக் குருதி கொண்டு செல்லும் தமனி அடைபடுவது மாரடைப்பு. அப்போது நோயாளி பெரும்பாலும் நினைவோடு இருப்பார். இதயம் குருதியை உந்துவதை நிறுத்திவிடுவது இதய நிறுத்தம். அதில் நொடிகளில் நினைவு தப்பும், இயல்பான மூச்சும் நின்றுவிடும். மாரடைப்பு இதற்கு ஒரு முதன்மைக் காரணம். நீரில் மூழ்குதல், மின்தாக்கு முதலியனவும் காரணங்களாகும்.

தமிழ்நாட்டின் பட்டறிவு

தமிழ்நாட்டில் சிறிய மருத்துவமனைகளைப் பெரிய இதயநோய் மையங்களோடு அவசர ஊர்திகளின்வழி இணைத்த திட்டம் ஒன்று, 2420 மாரடைப்பு நோயாளிகளைக் கொண்டு ஆராயப்பட்டது. 2017இல் வெளியான அதன் முடிவின்படி, ஓராண்டிற்குள் இறப்போர் விகிதம் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 விழுக்காடாகக் குறைந்தது. 2023இல் தொடங்கப்பட்ட ‘இதயம் காப்போம்’ திட்டம், ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதற்கட்ட மாரடைப்பு மருந்துகளை வழங்குகிறது.

எனினும் இவை இதயம் துடித்துக்கொண்டிருப்போருக்கே பயன்படுவன. இதய நிறுத்தத்தில், சி.பி.ஆர். எனப்படும் இதய நுரையீரல் மீட்பு இன்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 விழுக்காடு குறைக்கிறது. பாபநாசத்திலிருந்து பாளையங்கோட்டையில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவு. 108 ஊர்தி எத்துணை விரைந்து வரினும், முதல் ஐந்து நிமிடம் அருகில் இருப்பவரின் கையிலேயே உள்ளது.

தரவின் பங்கு

1990இல் நார்வேயின் உட்ஸ்டைன் மடத்தில் கூடிய வல்லுநர்கள், இதய நிறுத்தத்தைப் பதிவு செய்வதற்கான பொது வடிவத்திற்கு அடித்தளமிட்டனர். வீழ்ந்ததைப் பார்த்தவர் உண்டா, சி.பி.ஆர். தொடங்கியவர் யார், ஊர்தி எப்போது வந்தது, நோயாளி உயிருடன் வீடு திரும்பினாரா என்பன அதன் அடிப்படை வினாக்கள். டென்மார்க்கில் 2001க்கும் 2010க்கும் இடையே, அருகிலிருந்தோர் சி.பி.ஆர். செய்த நிகழ்வுகள் 21.1 விழுக்காட்டிலிருந்து 44.9 விழுக்காடாக உயர்ந்தன. முப்பது நாள் உயிர் பிழைத்தோர் 3.5 விழுக்காட்டிலிருந்து 10.8 விழுக்காடாயினர். பள்ளிகளிலும் ஓட்டுநர் உரிமத்திற்கும் பயிற்சி கட்டாயமாக்கப்பட்ட காலம் அது. மருத்துவச் சேவையும் அக்காலத்தில் மேம்பட்டதால், பயிற்சி ஒன்றையே காரணமாகக் கொள்ள இயலாது. ஆயினும் இம்மாற்றத்தை அளந்தறியச் செய்தது பதிவேடே.

ஆற்றங்கரைக்குரிய பயிற்சி

பொதுமக்களுக்கு நெஞ்சழுத்தம் மட்டும் போதுமென 2017இன் இந்திய வழிகாட்டுதல் எளிமைப்படுத்தியது. நடுநெஞ்சில் நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழம் அழுத்துவதே நெஞ்சழுத்தத்தின் சாரம். ஆனால் நீரில் மூழ்கியவருக்கு உயிர்வளிக் குறைவே இதயம் நிற்கக் காரணமாதலால் மீட்பு மூச்சும் தேவை. ஆடி அமாவாசையன்று பெருந்திரள் நீராடும் பாபநாசம் போன்ற படித்துறைகளை உடைய இப்படுகையில் இவ்விரண்டையும் கற்பித்தல் வேண்டும். எந்த ஊரில் எக்காரணத்தால் இதயம் நிற்கிறது என்னும் தரவே, எங்கு எதைக் கற்பிப்பது என்பதை உணர்த்தும்.

முடிவுரை

108 அழைப்புப் பதிவு, தீயணைப்பு மீட்புத் துறையின் குறிப்பு, மருத்துவமனை ஆவணம் ஆகிய மூன்றையும் ஒரே நிகழ்வின் பெயரில் இணைப்பது முதற்பணி. வீடுதோறும் செல்லும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தன்னார்வலர்கள், பேருந்து நடத்துநர்கள், கல்லூரி மாணவர்கள் ஆகியோரைப் பயிற்றுநர்களாக்குவது அடுத்த பணி. ‘மாரடைப்பு’ என்னும் ஒரே சொல்லில் இரு நிலைகளும் அடங்கியிருக்கும் வரை, காப்பாற்றியிருக்கக்கூடிய உயிர்கள் எத்தனை என்பது கணக்கில் வாராது.